திருப்புடைமருதூர்: கூடுகளுக்குக் கீழே ஒரு துப்புரவுப் பணி

ஆற்றைச் சுத்தம் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான். திருப்புடைமருதூரில் அதற்கு விடை காண அண்ணாந்து பார்த்தால் போதும். திருநெல்வேலி மாவட்டத்தில் கடனாநதி வந்து தாமிரபரணியில் கலக்கும் இடம் அது. நறும்பூநாதர் கோயிலை ஒட்டிய ஆற்றங்கரையில் பெரிய மரங்கள் நிற்கின்றன. தை பிறந்த பிறகு போனால் அந்த மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை, சாம்பல் நாரை, வக்கா, நீர்க்காகம், கொக்கு என்று ஒரு பெருங்கூட்டம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். கோயிலுக்கு வருகிறவர்கள் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். அதன் உள்ளே நிலைக்கு நிலை இருக்கும் ஓவியங்களும் மரச் சிற்பங்களும் பார்க்க வேண்டியவைதான். வெளியே வந்து மரத்தையும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம்.

இந்த இடத்துக்கு ஒரு சட்டப் பெருமையும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். தேசியப் பூங்கா, சரணாலயம் என்ற இரண்டு பழைய வகைகளோடு, மக்கள் புழங்கும் இடங்களையும் காப்பதற்கென்று புதிய வகைகள் அதில் சேர்ந்தன. அப்படி வந்த ‘பாதுகாப்பகம்’ என்ற வகையில் நாட்டிலேயே முதலாவதாக 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று அறிவிக்கப்பட்டது திருப்புடைமருதூர். பரப்பு ஏறத்தாழ ஏழு ஏக்கர்தான். ஒரு நடுத்தர விவசாயியின் வயல் அளவு. பக்கத்திலேயே பொதிகை அடிவாரத்தில் இருக்கும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி மட்டுமே சுமார் 895 சதுர கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு புள்ளி.

அந்தத் திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நிர்வாகக் குழு பற்றிய விதி. வனத்துறை, ஊராட்சி, தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகளோடு வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவரும் கால்நடைத் துறையிலிருந்து ஒருவரும் அதில் இடம்பெற வேண்டும் என்கிறது சட்டம். எழுதியவர் வயலைப் பார்த்தவராக இருக்க வேண்டும். ஏனென்றால் ஏழு ஏக்கர் மரங்கள் பறவைக்கு வீடு மட்டும்தான். சாப்பாடு வெளியேதான் இருக்கிறது. வக்காவும் மடையானும் இரை தேடுவது சுற்றிலும் உள்ள நெல் வயல்களிலும் வாய்க்கால்களிலும் குளங்களிலும். பிசானம் என்ற இரண்டாம் போக நெல் வளர்ந்து நிற்கும் மாதங்களில்தான் கூடு கட்டுவதும் மும்முரமாக நடக்கிறது. வயலில் தவளையும் நண்டும் நத்தையும் இல்லாவிட்டால் மரத்தில் குஞ்சு இல்லை.

தாமிரபரணிக் கரையில் வேளாண்மைக்கு இரண்டு போகம். ஆனி வாக்கில் அணை திறந்து கார் சாகுபடி, வடகிழக்குப் பருவமழையோடு பிசானம். மலையிலிருந்து இறங்கி எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேரும் ஆறு இது. தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டிலேயே முடிகிறது. இந்த ஆற்றுக்கு நேரும் கேட்டுக்குப் பக்கத்து மாநிலத்தைக் குறை சொல்ல முடியாது என்று நான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்வதுண்டு. ஆற்றின் கீழ்ப்பகுதியில் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் கிடைத்த நெல்லுக்கு ஏறத்தாழ 3,200 ஆண்டு வயது என்று 2021-இல் அறிவித்தார்கள். பெருமைதான். அந்த நெல்லுக்குத் தண்ணீர் கொடுத்த ஆற்றில் இன்று துப்புரவுத் தன்னார்வலர்களான நாங்கள் எதைப் பொறுக்கி எடுக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மேலே பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. பாவத்தையும் பீடையையும் துணியோடு கழித்துவிட்டதாக ஒரு நம்பிக்கை. ஆடி அமாவாசையன்று அங்கும், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலிலும் கூடும் கூட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் துணியின் அளவு புரியும். பருத்தி என்றால் மட்கிவிடும் என்றாவது ஆறுதல் கொள்ளலாம். இப்போது வருவதெல்லாம் பாலியெஸ்டர், நைலான். ஆறு அதைக் கரைப்பதில்லை, உருட்டிக்கொண்டே வருகிறது. வேகம் குறையும் இடத்தில், வேர் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், பாறை இடுக்கில் விட்டுவிட்டுப் போகிறது. இரண்டு ஆறுகள் கூடும் இந்தத் திருப்பத்தில் அது நன்றாகவே தேங்கும்.

மருதமரத்து வேரில் சிக்கிய ஒரு சேலையை எடுப்பது எப்படி என்று இங்கே விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் குப்பை அள்ளுவது என்றதும் குனிந்து நிமிரும் வேலை என்று நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்க வேண்டும். சேலையின் ஒரு முனைதான் கண்ணுக்குத் தெரியும், மீன் வால் ஆட்டுவதுபோல நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருக்கும். இழுத்தால் வராது. மீதி முழுவதும் மணலுக்குள் இருக்கிறது. வேரைச் சுற்றி நாலைந்து சுற்று, அதன்மேல் ஒரு வேட்டி, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சாண் வண்டல். பலம் கொண்டு இழுத்தால் வேரின் பட்டை உரிந்துவிடும், கரை மண் சரியும். அதனால் ஒருவர் கையை விட்டு வண்டலைத் தளர்த்த, இன்னொருவர் பன்னரிவாளால் துணியைத் துண்டு துண்டாக அறுத்து எடுக்க வேண்டும். வெளியே வரும்போது கறுத்துப்போய், அழுகிய முட்டை நாற்றத்தோடு, தூக்க முடியாத கனத்தோடு வரும். அதன் மடிப்புக்குள் இருந்து கூனி இறாலும் அயிரையும் துள்ளும். சிறுவர்கள் அவற்றைத் தேடித் தேடி எடுத்து மறுபடி தண்ணீரில் விடுவதற்கென்றே ஒரு வாளியோடு பக்கத்தில் நிற்பார்கள். காலை முழுக்க இரண்டு பேர் மெனக்கெட்டால் ஒரு மரத்தின் வேர் வெளிச்சத்துக்கு வரும்.

அந்த வேர் வெளிச்சத்துக்கு வருவது முக்கியம். மீன்கள் ஒதுங்குவதும் முட்டையிடுவதும் அங்கேதான். மருதமரம் ஆற்றங்கரைக்கென்றே பிறந்த மரம். வெள்ளத்தில் மண்ணைப் பிடித்து நிற்கிறது, மேலே நாரைக்குக் கிளை கொடுக்கிறது. மல்லிகார்ச்சுனம், திருவிடைமருதூர், திருப்புடைமருதூர் என்று மருதமரத்தைத் தல மரமாகக் கொண்ட மூன்று சிவத்தலங்களைச் சேர்த்துச் சொல்வது மரபு. தல மரத்துக்குத் திருநீறு பூசிக் கும்பிடுகிற கைகள் அதன் வேரிலிருந்து ஒரு சேலையை எடுத்துப் போட்டால் அதுவும் கும்பிடுதான் என்று கோயில் பக்கத்து ஆச்சி ஒருவர் சொல்லி, தன் பேரன்களையும் தண்ணீரில் இறக்கிவிட்டார்.

எப்போது இறங்குவது என்பதில்தான் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. தண்ணீர் குறைந்திருக்கும் சித்திரை, வைகாசியே வசதியான காலம். ஆனால் அப்போது மரத்தில் குஞ்சுகள் இருக்கும். கீழே ஐம்பது பேர் சத்தம் போட்டுக்கொண்டு நடமாடினால் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழும்பும். வெயிலில் குஞ்சுக்குச் சிறகு விரித்து நிழல் கொடுப்பது அதுதான். அது எழும்பிய நேரத்தில் காகம் வந்து முட்டையைக் கொத்தும், மிரண்ட குஞ்சு தவறிக் கீழே விழும். ‘பறவைகள் பாதுகாப்பகத்தைச் சுத்தம் செய்தோம்’ என்று படம் எடுத்துக்கொள்ளும் நாளில் நாலு கூடுகள் காலியானால் அந்தச் சுத்தத்தால் யாருக்கு லாபம்?

முடிவில் ஊர் அண்ணாச்சிமார்கள் சொன்னபடியே செய்கிறோம். கூடுகள் இருக்கும் மாதங்களில் மரத்தடிப் பக்கமே போவதில்லை. படித்துறையும் அதற்குக் கீழே ஆறு போகும் பகுதியும் மட்டும், சிறு குழுக்களாக, ஒலிபெருக்கி இல்லாமல். மரங்களுக்கு அடியில் வேலை என்றால் ஆவணி, புரட்டாசிதான். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும். ஆடி அமாவாசைத் துணிகளும் மேலேயிருந்து வந்து சேர்ந்திருக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவையும் வெள்ளம் அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும் என்பதால் அதற்கு முன்னால் முடித்தாக வேண்டும். கார் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், இறங்குவது சிரமம், ஆழம் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் இல்லாமல் யாரையும் இறங்கவிடுவதில்லை. சிரமம் எங்களுக்கு என்று வைத்துக்கொண்டோம், பறவைக்கு வேண்டாம்.

ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் புதிதல்ல. மரத்தில் கல் எறியும் சிறுவனை எந்த வீட்டுப் பெரியவரும் உரிமையோடு அதட்டுவார். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டால் யாராவது எடுத்து வைத்து மீன் கொடுப்பார்கள், வனத்துறைக்குச் சொல்லி அனுப்புவார்கள். தெற்கே கூந்தன்குளத்திலும், சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே பண்பாட்டைப் பார்க்கலாம். கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூந்தன்குளத்தில் எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளுவது வழக்கம். எந்த அறிவிப்புப் பலகையும் வருவதற்கு முன்பே இந்த ஊர்களில் காவல் இருந்தது. தன்னார்வலர்களாகப் போகும் நாங்கள் அந்தக் காவலுக்குக் கைகொடுக்கப் போகிறோம். அதற்கு மேல் எங்களுக்கு அங்கே வேறு உரிமை இல்லை என்பது என் திடமான எண்ணம்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இதே ஆற்றில், வேறோர் ஊர்ப் படித்துறையில், நகரத்திலிருந்து பஸ் வைத்து வந்த ஒரு குழு காலை முழுக்கக் குப்பை அள்ளியது. உண்மையிலேயே உழைத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அள்ளியதை மூட்டை மூட்டையாகக் கட்டிக் கரையில் வரிசையாக அடுக்கிவிட்டு, வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் என்று கிளம்பிவிட்டார்கள். வண்டி வரவில்லை. நாய்கள் மூட்டையைப் பிய்த்தன. அடுத்த தண்ணீர் திறப்பில் பாதி மூட்டைகள் ஆற்றுக்கே திரும்பின. மறுநாள் காலை துணி துவைக்க வந்த பெண்கள்தான் மீதியை இழுத்து மேட்டில் போட்டார்கள். குப்பை எங்கே போகும் என்று முடிவு செய்யாமல் ஒரு காகிதத்தைக்கூட எடுக்கக் கூடாது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை எளியது. வேலை நாளுக்கு முன்பே ஊராட்சியில் பேசி, டிராக்டர் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் நாள் குறிப்போம். கரையில் தார்ப்பாய் விரித்து, எடுத்ததைத் தரம் பிரிப்போம். பெட் பாட்டிலையும் தகரத்தையும் பழைய இரும்புக் கடைக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். துணியை வெயிலில் காயவைத்தால்தான் கனம் குறையும். மது பாட்டில்களின் உடைந்த சில்லுகளை மண்ணெண்ணெய் டின் ஒன்றில் தனியாகப் போடுவோம். நாற்று நடும் பெண்களின் பாதங்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றங்கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்துப் போகிறவன், அந்தச் சில்லு வாய்க்கால் வழியாக யார் காலுக்குப் போகிறது என்று ஒரு முறை வந்து பார்க்க வேண்டும்.

தரம் பிரிக்கும்போதுதான் ஆற்றின் வரவு செலவு தெரியவரும். ஷாம்பு, சோப்புத்தூள், எண்ணெய்ச் சிறு பாக்கெட்டுகள் எண்ணிக்கையில் எப்போதும் முதலிடம். அவற்றை எந்தக் கடைக்காரரும் வாங்குவதில்லை, பல அடுக்குகள் ஒட்டிய அந்தத் தாளை உருக்கிப் பயன்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பதினான்கு வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை இருக்கிறது. தூக்குப் பைகள் ஓரளவு குறைந்திருப்பதைக் குவியலிலேயே காண்கிறோம். இந்தப் பாக்கெட்டுகள் மட்டும் அசையவில்லை. படித்துறைக்குப் போகும் வழியில் இருக்கும் பெட்டிக்கடையில் ஓர் அக்கா இருக்கிறார். குவியலைக் கொண்டுபோய்க் காட்டியபோது எதுவும் பேசாமல் பார்த்தார். பிறகு கடை வாசலில் ஒரு பழைய வாளியைத் தொங்கவிட்டு, குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் காலிப் பாக்கெட்டை அதில் போடச் சொல்லி வாங்கிக்கொள்கிறார். படித்துறையில் பாக்கெட்டுகள் கண்கூடாகக் குறைந்ததற்குக் காரணம் அந்த வாளி.

தூண்டில் நரம்பும் நைலான் வலைத் துண்டுகளும் எடையில் ஒன்றுமே இல்லை, ஆனால் அவற்றை நான் முதலில் தேடுவேன். கூடு கட்டும் பறவை குச்சியோடு சேர்த்து நரம்பையும் எடுத்துப் போகிறது. குஞ்சின் காலைச் சுற்றிக்கொண்டால் அது வளர வளர நரம்பு சதைக்குள் இறங்கும். பாம்புத்தாரா மாதிரி மூழ்கி மீன் பிடிக்கும் பறவைகளுக்கு வலைத் துண்டு நேரடித் தூக்குக் கயிறு. ஆற்றில் வாழும் நீர்நாய்க்கும் அப்படியே. அதிகாலையில் அக்கரை மணல் திட்டில் நீர்நாயின் கால் தடத்தையும் மீன் செதில் மினுங்கும் எச்சத்தையும் பார்த்துவிட்டால், அன்று எங்கள் குழுவில் யாருக்கும் இடுப்பு வலி தெரியாது.

அமலைச்செடியை, அதாவது ஆகாயத்தாமரையை, எடுப்பது தனி வேலை. சாக்கடைத் தண்ணீரும் வயலிலிருந்து வடியும் உரமும் சேரும் இடங்களில் அது மண்டிக்கிடக்கும். துறட்டியால் இழுத்துக் கரையேற்றி வெயிலில் வாட்டிவிட்டால், சாணத்தோடு சேர்த்து மட்கவைத்து வாழைக்குப் போடலாம். பக்கத்து வாழைத்தோட்டக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப்போகிறார்கள். ஆற்றில் வீணாகக் கலந்த உரம் வயலுக்கே திரும்புகிறது என்று அவர்களில் ஒருவர் சொன்னார். வேலை முடிந்ததும் அந்தத் தோட்டத்து பம்பு செட்டில்தான் குளியல். அங்கேயே அம்பை பதினாறு என்ற நெல் ரகத்து அரிசியில் கஞ்சியும், கொள்ளில் அரைத்த காணத்துவையலும். பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், கோயில் பணியாளர்கள், விவசாயிகள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த அரைமணி நேரத்தில்தான் அடுத்த வேலைகள் முடிவாகின்றன. எந்த மடை உடைந்திருக்கிறது, எந்தத் திருவிழாவுக்குக் கூட்டம் வரும், தைப்பூசத்துக்கு யார் படித்துறையில் நின்று துணியைக் கரையில் வாங்கிக்கொள்வது, எல்லாம் அங்கேதான்.

துணியைக் கரையில் வாங்கிக்கொள்வது பலன் தருகிறது என்பதையும் பதிவு செய்கிறேன். பக்தர்களிடம் இது மூடநம்பிக்கை என்று சண்டைக்குப் போனால் ஒன்றும் நடக்காது. ‘துணியை இந்தத் தொட்டியில் போடுங்கள், ஆற்றுக்குப் பாரம் வேண்டாம்’ என்று வயதில் மூத்த ஒருவர் கும்பிட்டுச் சொன்னால் பெரும்பாலோர் கேட்கிறார்கள். பரிகாரம் சொல்லும் இடத்திலேயே இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் எங்கள் வேலை பாதியாகிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரை மரங்களில் ஆள் உயரத்துக்கு மேல் துணியும் பாலிதீனும் தொங்கின. தண்ணீர் எதுவரை வந்தது என்பதை நாம் போட்ட குப்பையைக்கொண்டே அளந்து பார்க்க முடிந்தது. அப்போது கூடு கட்டும் காலம் நெருங்கிவிட்டிருந்தது. துறட்டி எட்டும் உயரம்வரை அவசரமாக எடுத்தோம், எட்டாததை மறு ஆவணிக்கு விட்டோம்.

எடுத்ததை எண்ணுகிற பழக்கம் போலவே இருப்பதை எண்ணுகிற பழக்கமும் இங்கே இருக்கிறது. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் உள்ளூர் இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறது. தை மாத வாக்கில் தன்னார்வலர்கள் குழு குழுவாகப் பிரிந்து குளங்களுக்குப் போகிறார்கள். ஆவணியில் சேற்றில் நின்றவர்களை நான் வற்புறுத்தி அதற்கு அழைத்துப் போவேன். ஆள்காட்டியையும் உள்ளானையும் பிரித்தறியத் தெரிந்துகொண்ட கல்லூரிப் பெண், அடுத்த ஆண்டு துப்புரவுக்கு வரும்போது எங்கே கால் வைக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஆள்காட்டி தரையில் முட்டையிடும் பறவை. திறந்த மணல் திட்டில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடக்கும் அந்த முட்டையைத் தெரியாதவர்கள் மிதித்துவிடுவார்கள்.

ஒரு பிரச்சினைக்கு மட்டும் எங்களிடம் இன்னும் வழி இல்லை. பூச்சிமருந்து பாட்டில்கள். வரப்பில் விட்டெறிந்தவை மழையில் வடிகாலுக்கும் வடிகாலிலிருந்து ஆற்றுக்கும் வருகின்றன. பாதி பாட்டில்களில் அடியில் மருந்து மிச்சம் இருக்கும். பிள்ளைகளைத் தொடவிடுவதில்லை. கையுறை போட்ட விவசாயிகள் மட்டும் தனிச் சாக்கில் சேர்க்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் கொடுத்தால் யாராவது கழுவி எண்ணெய் ஊற்றி வைத்துவிடுவார்கள் என்ற பயம், எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் கிணற்றுக்கு இறங்கும். இப்போதைக்கு அந்தச் சாக்குகள் ஒரு விவசாயியின் மோட்டார் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. மருந்து விற்கும் கடைகளே காலிப் பாட்டிலைத் திரும்ப வாங்க வேண்டும் என்று கேட்டுக் கடைக்காரர்களைச் சந்திக்கத் தொடங்கியிருக்கிறோம். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், முக்கூடல் பக்கம் உரக்கடை வைத்திருப்பவர்களோ வேளாண்மைத் துறையில் பணியாற்றுபவர்களோ இதைப் படித்தால், ஆவணிக்கு முன்னால் ஒரு நாள் மரத்தடிக்கு வாருங்கள். சாக்குகளைக் காட்டுகிறோம், அங்கேயே உட்கார்ந்து பேசலாம்.